விரிசலுக்குள் பச்சை வர்ணம்

1908 பிப்ரவரி 12, புதன்

அசடு, அசடு. என்னைத்தான் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் ஆல்டர்விக்கிலிருந்து எங்கள் கம்பெனிக்கு வந்த நீராவி இயந்திரம் சனிக்கிழமையே கல்கத்தா கிடர்பூர் துறைமுகத்தில் இறங்கிவிட்டது. இன்றுதான் பெட்டியைப் பிரித்தேன். பெரிய சக்கரத்தில் முழ நீளத்துக்கு விரிசல்! சேதம் இருந்தால் செவ்வாய்க்குள் கப்பல்காரனிடம் சொல்லியிருக்க வேண்டும். ஞாயிறு விடுமுறை. திங்கள் அஷ்டமி, செவ்வாய் நவமி. புது இயந்திரத்தை அந்த நாளில் எவனாவது பிரிப்பானா என்று தள்ளிப்போட்டேன். கெடு போச்சு.

முதலாளி பெல்லாமி துரை கத்தவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. "ஆல்டர்விக்காரர்கள் வேறு சக்கரம் கொடுத்தால் நீ இருக்கலாம், சந்தானம். இல்லையென்றால் வேறு வேலை பார்த்துக்கொள்" என்றார்.

பிப்ரவரி 13

ஹெட் கிளார்க் ஹரிபத பாபு தனியாக அழைத்து, "திங்கட்கிழமையே பிரித்ததாக எழுதிவிடும், சந்தானம் மோஷாய். அங்கே இருக்கிறவனுக்கு என்ன தெரியப்போகிறது?" என்றார். நல்ல மனுஷர். எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆத்துக்காரி பாகீரதியிடம் இன்னும் சொல்லவில்லை.

பிப்ரவரி 14

சொல்லிவிட்டேன். வேலை போனால் பவானிபூர் ஜாகையைக் காலி பண்ணிவிட்டு அவள் அண்ணா வீட்டில் போய் நிற்கவேண்டும் என்பது அவளுக்கும் தெரியும். "அழறதுக்கு அப்பறம் நேரம் இருக்கு. பெட்டிக்குள்ள திணிச்சிருந்த பேப்பர்னு ஏதோ கொண்டுவந்தேளே, அதைப் படியுங்கோ" என்றாள்.

அந்த ஊர்ப் பத்திரிகை, நவம்பர் மாதத்தது. ஏழு வருஷமாக ஆல்டர்விக்குக்குக் கடிதம் எழுதுகிறேன், ஊர் எப்படி இருக்கும் என்று இன்றுதான் தெரிந்தது. புதன்கிழமை மாட்டுச் சந்தை. தானியம் விற்ற பெரிய மண்டபத்தில் இப்போது சலனப்படம் காட்டுகிறார்கள். கடைத்தெருவுக்கு மின்சார விளக்கு வேண்டுமா வேண்டாமா என்று நகரசபையில் அடிதடி. இயந்திரப் பட்டறையில் அறுநூறு பேர்; ஊர்த் திருவிழாவுக்கு இரண்டு நாள் பட்டறையை மூடிவிட்டால் ஒருவரும் சுத்தியலைத் தொடுவதில்லையாம்.

"தெருவை அடைச்சுண்டு மாடு நிக்கறதாமா? காளிகாட் தேவலை போலிருக்கே!" என்று சிரித்தாள். அப்புறம், "அவாளுக்கு ரெண்டு நாள் இருக்கோல்லியோ, நமக்கும் ரெண்டு நாள்னு உள்ளதை எழுதுங்கோளேன். புரியாதா என்ன?"

புரியுமா?

பிப்ரவரி 15

மறுபடி கிடர்பூர். சக்கரத்தை வெயிலில் உருட்டிவைக்கச் சொல்லி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். விரிசலின் உள்ளே, ஆழத்தில், பச்சை வர்ணம்! கப்பலில் உடைந்திருந்தால் உள்ளே வெறும் இரும்பல்லவா தெரியும்? வர்ணம் அடிப்பதற்கு முன்பே விரிந்திருக்கிறது. அங்கேயே குதித்துவிட்டேன். கூலிகள் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

பிப்ரவரி 17

வர்ணத்தைப் பற்றி எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் தாமதித்ததையும், அஷ்டமி நவமியையும், அவர்கள் ஊர்த் திருவிழாவையும் சேர்த்தே எழுதினேன். துரை இரண்டு தடவை படித்தார்.

"இந்தக் கடைசிப் பத்தியும் போகணுமா?"

"போகணும், சார்."

கையெழுத்துப் போட்டுவிட்டார். தபாலில் நானே கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

மார்ச் 5

ஒன்றும் வரவில்லை. இத்தனை சீக்கிரம் எப்படி வரும்?

ஏப்ரல் 2

வந்துவிட்டது! புதுச் சக்கரம் அவர்கள் செலவிலேயே கப்பல் ஏறிவிட்டது.

ஆல்டர்விக் பட்டறை மேனேஜரின் கடிதத்துக்குள் கோணல் கையெழுத்தில் இன்னொரு தாள் இருந்தது. வார்ப்புப் பட்டறை மேஸ்திரி, தாமஸ் கிரேட்டன் என்று பேர். திருவிழாவுக்கு முதல் நாள் எல்லாருக்கும் வீட்டுக்குப் போகிற அவசரமாம். சக்கரம் ஆறுவதற்கு முன்பே அச்சிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டாராம். மெல்லிய கோடு ஒன்று தெரிந்தும் வாயைத் திறக்காமல் வர்ணத்துக்கு அனுப்பிவிட்டாராம். "உங்கள் குமாஸ்தா தன் தவறைத் தானே எழுதியிருப்பதை மேனேஜர் வாசித்துக் காட்டினார். அதற்குமேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை" என்று எழுதியிருக்கிறார். முப்பது வருஷத்து ஆள் என்று மேனேஜர் மன்னித்துவிட்டாராம். அப்பாடா!

துரை தாளை மடித்து என்னிடமே கொடுத்தார். "நாளைக்குச் சீக்கிரம் வா, வேலை நிறையக் கிடக்கிறது" என்றார். வீட்டுக்கு வந்ததும் பாகீரதிக்கு அந்தத் தாளைத் தமிழில் படித்துச் சொன்னேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

கிரேட்டனுக்கு என் பேரிலேயே கடிதம் எழுத உட்கார்ந்தேன். ஆபீஸ் கடிதம் ஆயிரம் எழுதியாயிற்று, இதற்கு முதல் வரி வரவில்லை. மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன்.

"ஆத்துல எல்லாரும் சௌக்கியமான்னு முதல்ல கேளுங்கோ" என்றாள் பாகீரதி.

அதையே எழுதினேன்.