நடந்ததை மட்டும் எழுதிய புகார்

என் அருமை மதினிக்கு,

உங்கள் திராட்சைக் கொடிகளை வெட்டினவன் மேல் வழக்குப் பதிவாகிவிட்டது. முதலில் உங்களிடம்தான் சொல்லத் தோன்றியது. அண்ணன் இன்று வயிறாரச் சாப்பிட்டார். அதையும் சொல்லிவிட்டால் நீங்கள் நிம்மதியாக மேற்கொண்டு கேட்பீர்கள்.

வண்டிப்பாதைக்காக நம்மோடு மல்லுக்கு நிற்பானே, அந்தப் பக்கத்துத் தோட்டக்காரன்தான். நீங்கள் இருந்தவரை உங்கள் வாய்க்குப் பயந்து ஒதுங்கிப் போனான். நீங்கள் போனதும் துணிச்சல் வந்துவிட்டது. ஒருநாள் விடிகிற நேரத்தில் நான் ஓடைப்பட்டித் தோட்டத்துக்குப் போனபோது, அவன் கையில் அரிவாளோடு நம் வேலியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான். உள்ளே போய்ப் பார்த்தால், உங்கள் கையால் நட்ட கொடிகள் தூரோடு வெட்டுப்பட்டுக் கிடக்கின்றன. பழம் நிறம் பிடிக்கத் தொடங்கியிருந்த நேரம் மதினி. எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது.

அண்ணனுக்கு அதுவும் வரவில்லை. பந்தலடியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. உங்களை இன்னொரு தடவை பறிகொடுத்த மாதிரி இருக்கிறது என்றார். சோறு இறங்கவில்லை. போலீஸுக்குப் போவோம் என்றால், ஸ்டேஷன் படி மிதிக்காத குடும்பம் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். இப்படியே இவரையும் இழந்துவிடுவேனோ என்று பயந்துபோனேன்.

ஒருவழியாக இழுத்துக்கொண்டு போனேன். ஸ்டேஷன் பக்கத்தில் மனு எழுதிக் கொடுப்பவர், வெறும் கொடி வெட்டினதற்கெல்லாம் அசைய மாட்டார்கள் என்று, அண்ணன் கழுத்தில் அவன் அரிவாளை வைத்துக் கொலை மிரட்டல் விடுத்ததாகச் சேர்த்து எழுதினார். எல்லா மனுவிலும் வருகிற வரிதானாம். நானும் தலையாட்டினேன். எதையும் ஒன்றுக்கு நாலாகக் கதை கட்டுகிற நீங்கள் இதைச் சொல்லியிருந்தால் ரத்தத்தையே ஓடவிட்டிருப்பீர்கள், இது கொஞ்சம்தானே என்று நினைத்தேன்.

இன்ஸ்பெக்டர் படித்துவிட்டு, அரிவாளை எந்தக் கையில் பிடித்திருந்தான் என்று அண்ணனைக் கேட்டார். உங்கள் வீட்டுக்காரருக்குப் பொய் வருமா?

"எங்கிட்ட அவன் வரவே இல்லைங்கய்யா. கொடியத்தான் வெட்டிப்புட்டான்."

அவ்வளவுதான். மனுவே பொய் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த மனிதரைத் திட்டுவதா, கும்பிடுவதா?

பிறகு தேனியில் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தோம். அரசு வக்கீலிடமே நேராகப் புகார் கொடுக்கலாமா என்று கேட்டேன். அரசு வக்கீல் கோர்ட்டில் வழக்கை நடத்துகிறவர், புகார் வாங்குகிறவர் இல்லை என்றார். ஸ்டேஷனில் வாங்கவில்லையா, எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். அங்கேயும் நடக்கவில்லையென்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனுப் போடலாம். கதவு ஒன்றோடு முடிந்துவிடவில்லை என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. ஆனால் எங்கே போனாலும் கண்ணால் கண்டதற்கு மேல் ஒரு வரி கூடாது என்று கண்டித்துச் சொன்னார்.

இந்தத் தடவை நானே உட்கார்ந்து எழுதினேன். எப்போது பார்த்தேன், எங்கே நின்று பார்த்தேன், அவன் கையில் என்ன இருந்தது, எந்தக் கொடிகள் போயின. வெட்டுப்பட்ட தூர்களின் போட்டோவும் வைத்து எஸ்.பி.க்கு அனுப்பினேன். கொஞ்ச நாளில் ஸ்டேஷனிலிருந்தே கூப்பிட்டார்கள். எப்படிக் கேட்டாலும் ஒரே பதில்தானே, எனக்குப் பயமே இல்லை. எஃப்.ஐ.ஆர். நகலைக் கையில் கொடுத்தார்கள். அதற்குக் காசு கிடையாதாம்.

திரும்புகிற பஸ்ஸில் அண்ணன் அதை இரண்டு தரம் படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"ஆத்தா, ஒன் மதினி சொல்லியிருந்தா அருவாளோட நாலு பேரு வந்திருப்பாக."

சொல்லிவிட்டுச் சிரித்தார் மதினி. நீங்கள் போன பிறகு அவர் சிரித்து இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

இனிக் கோர்ட் இருக்கிறது. அவன் தண்டனை வாங்குவானோ என்னவோ, அதெல்லாம் தெரியாது. கூண்டில் ஏற்றினால் நடந்ததை நடந்தபடியே சொல்வேன், ஒரு சொல் கூட்ட மாட்டேன். வீட்டுக்கு வந்து உங்கள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து சொல்லும்போது மட்டும், உங்களுக்காக அந்த நாலு பேரையும் சேர்த்துக்கொள்கிறேன்.

உங்களிடம் கதை கேட்டே வளர்ந்த
உங்கள் நாத்தனார்