என் போனுக்கு 5062

நிக்கோல்,

ராத்திரி ஷிஃப்ட் முடிந்து தூங்குகிறாய், எழுப்பவில்லை. மீன் குழம்பு அடுப்பின்மேல் இருக்கிறது, சுடவைத்துச் சாப்பிடு.

நான் அடுகோடிக்குப் போகிறேன். மதலைமுத்து நேற்று இறந்துவிட்டார். படுத்த படுக்கையாக இருந்து, தினமும் ஐந்து மணிக்குப் போன் போட்டு என்னிடம் கதை கேட்பாரே, அவர்தான். அவர் தம்பி ஃபிராங்க்ளின் வந்து சொன்னான்.

"பத்து நாளா போட்டோம்க்கா, மணியே போகல. அக்காவுக்கு என்மேல கோபமான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு."

எனக்கு அழுகை வரவில்லை. அவனுக்கு டீ போட்டேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன்.

உன் ஆபீஸ் இன்டர்நெட் போனை மாட்டிய நாளிலிருந்துதான் என் இன்டர்நெட் போன் அடிக்கவில்லை. கேட்டதற்கு, "யாரும் கூப்பிடலைன்னா நான் என்ன பண்றது மம்மி?" என்றாய். கதை கேட்கக் கூப்பிடும் எல்லோருக்கும் என் கதை சலித்துவிட்டது என்று நானும் நம்பிவிட்டேன்.

இப்போதுதான் நெட்காரரைக் கேட்டேன். இரண்டு போனுக்கும் 5060 என்று ஒரே போர்ட், அதாவது அழைப்பு உள்ளே வரும் வாசல் எண், போட்டிருக்கிறதாம். அதனால் எனக்கு வரும் அழைப்பு வந்து சேரவில்லையாம். மூன்று மணிக்கு வருவார். என்னுடையதை 5062 ஆக்கச் சொல். உன்னுடையதைக் கழற்ற வேண்டாம்.

மம்மி

நெட்காரர் போவதற்குள், இரண்டு போனும் மாட்டியிருக்கும்போதே உன் செல்லிலிருந்து எனக்கு அடித்துப் பார். மணி கேட்கிறதா என்று பார்த்தால் போதும்.

இன்னொன்று. ஐந்து மணிக்கு கதை கேட்கும் மற்றவர்கள் யாராவது கூப்பிட்டால் என் போனை நீ எடு. கதை நாளைக்கு என்று சொல். அதற்கு முன்னால், அக்காவுக்குக் கோபம் இல்லை என்று சொல்.