தூணோரத்து இருட்டு

மார்ச் 4
புது நாடகத்துக்கு வேடங்களைப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். நஞ்சுண்டு சாகும் இளவரசி, என் தங்கை. நஞ்சு கொடுக்கும் சிற்றன்னை, நான். குழுவில் எனக்குப் பன்னிரண்டு வருஷம், அவளுக்கு ஒன்று. கூட்டி வந்ததும் நானேதான். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதை.

இளவரசியின் வசனம் முழுவதும் எனக்கு மனப்பாடம். எனக்குத்தான் வரும் என்று முன்பே படித்து வைத்திருந்தேன். இதை யாரிடம் சொல்ல?

மார்ச் 11
இன்று விளக்கு ஒத்திகை. “நல்லவ வெளிச்சத்துல, கெட்டவ இருட்டுல. பாக்குறவங்களுக்குக் குழப்பமே இருக்கக் கூடாது” என்றார் இயக்குநர். கடைசிக் காட்சியில் அவள் நடு மேடையில் ஜொலிக்கிறாள். நான் தூணோரம். அவள் பேசி முடித்ததும் கிண்ணத்தோடு என் கை மட்டும் வெளிச்சத்துக்குள் நீள வேண்டும்.

“என் முகம் தெரியுமா?” என்று விளக்குக்காரரிடம் கேட்டேன்.

“தெரியக் கூடாதும்மா. அதானே வேலை.”

மார்ச் 12
எல்லார் வாயிலும் அவள் பேச்சுதான். வயிறு எரிகிறது.

மார்ச் 19
இன்று அரங்கேற்றம். அரங்கம் நிறைந்திருந்தது.

கடைசிக் காட்சியில், பாதி வசனத்தில் நின்றுவிட்டாள். மறந்துபோச்சு. எனக்கு அடுத்த வரி நாக்கு நுனியில் இருந்தது. கிசுகிசுத்தால் போதும்; இருட்டில் யார் பார்க்கப் போகிறார்கள்?

சொல்லவில்லை. தவிக்கட்டுமே என்று இருந்தது. ஆமா, அப்படித்தான் இருந்துச்சு.

அவள் திரும்பினாள். தூணை நோக்கி நடந்து வந்தாள். விளக்குக்காரர் பதறிப்போய் வெளிச்சத்தை அவள் பின்னாலேயே திருப்பினார். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தபோது அது என் முகத்தில் விழுந்தது. அந்த நேரம் என் முகத்தில் என்ன இருந்ததோ, அத்தனை பேரும் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள்.

“நீயே குடுத்துடு,” என்றாள். “உன் கையாலன்னா குடிக்கிறேன்.”

நாடகத்தில் இல்லாத வரி. கொடுத்தேன். குடித்தாள்.

மார்ச் 20
“இனிமே தினமும் இப்படியே!” இயக்குநர் குதிக்கிறார். “கெட்டவ மேல வெளிச்சம் விழுற நொடி இருக்கே, அதுதான் நாடகம். யார் யோசனை இது?”

“அக்காவோடது” என்றாள் தங்கை.

தனியாக இருந்தபோது, “ஏன்டி என் யோசனைன்னு சொன்ன?” என்றேன்.

“வசனம் மறந்துடுச்சு. நீ எடுத்துக் குடுப்பேன்னுதான் உன்கிட்ட வந்தேன். உன் முகத்தப் பாத்ததும் வேற வரி வந்துச்சு.”

ஏப்ரல் 2
எனக்கும் இப்போது தனி விளக்கு. அவளைவிட எனக்குத்தான் கைதட்டல் அதிகம்.

சின்ன வயதிலிருந்தே அவளுக்குக் கண்மை இட்டுவிடுவது நான்தான். இப்போதெல்லாம் ஒப்பனை அறையின் மறுகோடிக் கண்ணாடிக்குப் போய்விடுகிறாள். “நான் போட்டு விடட்டுமா?” என்று இன்று கேட்டேன்.

“வேணாங்க்கா. பழகிக்கிறேன்.”

கோணலாகத்தான் இட்டிருந்தாள். அதுவும் அவளுக்கு அழகாகத்தான் இருக்கிறது.