ஆறு மாதம் கழித்து

சேலம்
4 ஜூன் 2024

அன்பு சுந்தரேஷ்,

போனில் பேசினால் சண்டையாகிவிடுகிறது, அதனால் கடிதம். டெல்லி வெயில் உன்னை நன்றாக வறுக்கிறது என்று நம்புகிறேன்.

இந்தச் செயற்கைக் கால் நிறுவனத்தில் நாம் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். இன்று தலைமையகத்தில் உட்கார்ந்து அறிக்கையில் என் மையத்துக்குச் சிவப்பு வண்ணம் அடிக்கிறாய். போன ஆண்டு இலக்கு முந்நூறு கால், கொடுத்தது தொண்ணூறு. உண்மைதான். ஒவ்வொருவரையும் மூன்று முறை வரவழைத்து, நடக்கவிட்டு, புண் படுகிறதா என்று பார்த்த பிறகே அனுப்புகிறேன். அதை எழுத உன் படிவத்தில் இடமில்லை. டிசம்பரில் மையத்தை மூடிவிடுவார்களாமே. நீ வாயே திறக்கமாட்டாயா?

கோபம் குறையாத,
அந்தோணி

ஆர்.கே.புரம்
19 ஜூன் 2024

அன்பு அந்தோணி,

வெயில் வறுக்கத்தான் செய்கிறது, திருப்திதானே?

எண்ணிக்கை காட்டாமல் நிதி கேட்க முடியாது. இங்கே மார்ச்சில் ஒரே முகாமில் நானூறு கால் கொடுத்தார்கள். நீ மட்டும் ஏன் இழுத்தடிக்கிறாய்?

சுந்தரேஷ்

ஆர்.கே.புரம்
2 அக்டோபர் 2024

அன்பு அந்தோணி,

இங்குள்ள மலை மந்திர் முருகன் கோவில் வாசலில் பூ விற்கும் முத்துமாரி ஒற்றைக் காலில் ஊன்றுகோலோடு நிற்பதைப் பார்த்து, முகாமுக்குப் போகவில்லையா என்று கேட்டேன்.

"போனேன் சார். கால் சாக்குல சுத்திக் கட்டிலுக்கு அடியில கெடக்கு. மாட்டுனா ரத்தம் வருது" என்றாள்.

என் நானூறில் அவளும் ஒருத்தி. அந்தப் பட்டியலில் நூறு பேருக்குப் போன் போட்டேன். அணிந்திருப்பவர்கள் பதினொரு பேர். உன் தொண்ணூறு பேரையும் கேட்டேன். எண்பத்து நான்கு பேர் அணிந்து நடக்கிறார்கள்.

படிவத்தில் 'ஆறு மாதம் கழித்தும் அணிகிறாரா?' என்று ஒரு கட்டம் சேர்த்துக் கூட்டத்தில் வைத்தேன். நான் அடித்த பச்சையெல்லாம் சிவப்பாயிற்று. உன் மையம் ஒன்றுதான் பச்சை. உன் பெயரை வாசிக்கும்போது என் குரல் தானாக உயர்ந்துவிட்டது. அவ்வளவு பெருமையாக இருந்தது.

மையத்தை மூடும் பேச்சு நின்றது. இயக்குநருக்கு என் மேல் கோபம். வரவேண்டிய பதவி உயர்வு போயிற்று, ஸ்டோர்ஸுக்கு மாற்றிவிட்டார்கள். ஜூனில் எழுதியதற்கு மன்னித்துவிடு.

சுந்தரேஷ்

சேலம்
11 அக்டோபர் 2024

அன்பு சுந்தரேஷ்,

உன் கடிதத்தைப் பட்டறையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன்.

ஸ்டோர்ஸ்தானே, நல்ல தோல் வார்கள் பார்த்து எடுத்து வை. லீவு போட்டு அடுத்த மாதம் வருகிறேன். முத்துமாரியை மூன்று முறை பார்க்க வேண்டும், அதனால் பத்து நாள் சாப்பாடு உன் வீட்டில்தான். அந்தக் கால் எந்த மையத்தின் இலக்கிலும் சேராது. பரவாயில்லை.

ஆறு மாதம் கழித்து அவளிடம் போய்க் கேட்கிற வேலை உன்னுடையது.

உன் நண்பன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரியும்,
அந்தோணி