கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வால்வு சக்கரம்

மார்ச் 4, செவ்வாய்

இணையத் தாக்குதல் வந்தால் நகராட்சிக்கு என்னென்ன ஆபத்து என்று மேலிடம் அறிக்கை கேட்டிருக்கிறது. கணினிப் பிரிவு என்றால் நான் ஒருத்திதான். என் தலையில் கட்டிவிட்டார்கள். "ரெண்டு பக்கம் போதும்மா, மனசு நோகாம எழுது" என்றார் ஆணையர். நகராட்சித் தலைவர் மனசைத்தான் சொல்கிறார். தெரியாதா என்ன?

மார்ச் 6, வியாழன்

பம்ப் ஹவுஸுக்குப் போனேன். ஊரின் பெரிய தண்ணீர்த் தொட்டியைத் திறப்பதும் மூடுவதும் இப்போது நகராட்சித் தலைவரின் கைபேசியில். போகிற கல்யாணத்திலெல்லாம் எடுத்துக் காட்டுகிறார். கடவுச்சொல் அவர் பிறந்த தேதி. அது நகராட்சி இணையதளத்திலேயே, அவர் படத்துக்குக் கீழே இருக்கிறது.

சரி, கையால் திறக்கலாமே? ஆபரேட்டர் சிரித்தார். "எதை வெச்சுத் திறக்க? சக்கரத்தைத்தான் கழட்டிட்டுப் போய் பொம்மை மாதிரி வெச்சிருக்கீங்களே!"

உண்மைதான். 'டிஜிட்டல் நகரம்' விழாவில் வால்வின் இரும்புச் சக்கரத்தைக் கழற்றி, தங்க நிறம் பூசி, அலுவலகக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். தினமும் அதைத் தாண்டித்தான் உள்ளே போகிறேன். எனக்கே உறைக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கும் இந்தத் தண்ணீர்தான். வாரம் மூன்று நாள் அம்மாவுக்கு டயாலிசிஸ் அங்கேதான். தண்ணீர் இல்லாவிட்டால் அந்த மெஷின் ஓடாது.

மார்ச் 11, செவ்வாய்

அறிக்கை கொடுத்தாயிற்று. ஆபத்து: மிக அதிகம். பரிந்துரை ஒன்றே ஒன்று: சக்கரத்தை இருந்த இடத்தில் மாட்டுங்கள்.

மார்ச் 19, புதன்

மன்றக் கூட்டம். 'மிக அதிகம்' என்று படித்ததும் தலைவர் முகம் போன போக்கு! "நம்ம ஊரை எவன்யா தாக்கப் போறான்? நம்மகிட்ட என்ன இருக்கு?" ஊரைப் பற்றி அவர் உண்மை பேசிக் கேட்டது இன்றுதான்.

அடுத்து நடந்ததை எழுதவே கூச்சமாக இருக்கிறது. தாக்குதல் வருமா, வராதா என்று ஓட்டெடுப்பு. வராது என்று பதினாறு கை. வரும் என்று இரண்டு. அதில் ஒன்று சோம்பல் முறித்த கை. 'மிக அதிகம்' அடிக்கப்பட்டு 'குறைவு' ஆனது. தாக்க நினைப்பவனுக்குத் தீர்மானத்தின் நகல் அனுப்பச் சொல்லவில்லை, அது ஒன்றுதான் குறை.

சக்கரம்? "அது நினைவுச்சின்னம்மா. அதுல கை வெக்காதே."

மார்ச் 20, வியாழன்

அம்மாவிடம் சொன்னேன். "ஓட்டுப் போட்டா என் கிட்னியும் சரியாயிடுமாடி?" என்றாள். சிரித்தோம். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

ஏப்ரல் 8, செவ்வாய்

வந்துவிட்டான். எவனோ, எங்கிருந்தோ.

காலையில் எல்லாத் திரையிலும் ஒரே வாசகம்: பணம் கொடு. வால்வு மூடிக் கிடக்கிறது. தலைவர் கைபேசியைத் தட்டுகிறார், உதறுகிறார், சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி தட்டுகிறார். ஆபரேட்டர் ஸ்பானர் போட்டுப் பார்த்தாராம், வழுக்குகிறதாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து தம்பி: "அக்கா, அம்மாவைப் படுக்க வெச்சுட்டு மெஷினே போடல. தண்ணி இல்லையாம். நேத்தே மூச்சு வாங்குச்சு... பயமா இருக்குக்கா."

கண்ணாடிப் பெட்டியின் சாவி யாரிடம் என்று ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். விட்டால் அதற்கும் ஓட்டெடுப்பு வைப்பார்கள், பாவிகள்! சுவரில் இருந்த தீயணைப்பு சிலிண்டரை எடுத்தேன். ஒரே போடு.

"அய்யய்யோ, நினைவுச்சின்னம்!"

"நகருங்க சார்!" தலைவரைப் பார்த்து நானா கத்தினேன்? நான்தான்.

டிரைவரும் நானும் சக்கரத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஜீப்பில் ஏற்றினோம். ஆபரேட்டர் மாட்டித் திருப்பினார். குழாய்க்குள் தண்ணீர் இரைந்ததும் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

மதியம் மெஷின் ஓடியது.

ஏப்ரல் 10, வியாழன்

நகராட்சிச் சொத்தைச் சேதப்படுத்தியதற்கு விளக்கம் கேட்டு எனக்கு மெமோ. தாக்குதலுக்கு யாரிடமும் விளக்கம் கேட்கவில்லை. தீர்மானப்படி அதுதான் வரவே இல்லையே.

ஏப்ரல் 15, செவ்வாய்

டயாலிசிஸ் முடிந்து அம்மாவைக் கூட்டிவந்தேன். பெட்டிக்குப் புதுக் கண்ணாடி போட்டாயிற்று, சக்கரத்தைத் திரும்ப வைக்கச் சொல்கிறார்கள் என்றேன்.

"கண்ணாடிக்கு வேணும்னா காசைக் கட்டிடு. சக்கரத்தை மட்டும் குடுத்துடாதடி."

நினைத்தாலும் கொடுக்க முடியாது. வெல்டர் நேற்றே அதை வால்வோடு சேர்த்துப் பற்றவைத்துவிட்டார். பெட்டி காலியாக நிற்கிறது. கூட்டத்துக்குப் போகும் உறுப்பினர்கள் அதில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்கிறார்கள்.