சரசு தானே வாசித்த கடிதம்

என்னைப் பெறாமலே மகளாக்கிக்கொண்ட அத்தைக்கு,

உங்கள் திதிக்கு இலை போட்டுப் படைத்துவிட்டு, காக்கைக்கும் வைத்துவிட்டு, இப்போதுதான் உட்கார்ந்தேன். உள்ளே சரசு பாத்திரம் கழுவுகிறாள். வருஷா வருஷம் இந்த நாளில் மனசுக்குள்ளேயே உங்களோடு பேசிவிட்டு எழுந்துவிடுவேன். இந்த வருஷம் சொல்ல வேண்டியது பெரிசு. அதனால்தான் எழுதுகிறேன். பத்திரிகையில் நாலு பேர் வாசிக்கட்டும். கண் தெரியாத பிள்ளைகள் உள்ள வீடுகள் நம் தேயிலைத் தோட்டங்களில் இன்னும் எத்தனையோ இருக்கின்றன.

உங்கள் மகள் சரசு தனக்கு வந்த கடிதத்தைத் தானே வாசித்தாள், அத்தை.

எழுதும்போது எனக்கே உடம்பு சிலிர்க்கிறது. காய்ச்சலில் பார்வை போன நாளிலிருந்து அவளுக்கு வந்த ஒவ்வொரு எழுத்தும் என் வாய் வழியாகத்தானே அவளுக்குப் போனது? நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. சீனி சுற்றிவந்த தாளைப் பார்த்துப் பார்த்துப் படிக்கக் கற்றவள். அப்படிக் கற்ற அண்ணிதான் அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது.

மல்லிகாவின் முதல் கடிதம் ஞாபகம் இருக்கிறதா? சரசுவோடு ஒரே வகுப்பில் படித்து, கொழும்புக்கு வேலைக்குப் போனாளே, அந்த மல்லிகா. வாசலில் உட்கார்ந்து நான் சத்தமாக வாசித்தேன். "இதை உனக்கு மட்டுந்தான் சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதே" என்று எழுதியிருந்தாள். அந்த வரியையும் அதே சத்தத்தில் வாசித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த காம்பராவிலிருந்து ராக்கம்மா கத்தினாள்: "என்னவாம்? சட்டுனு படி புள்ள, அடுப்புல சோறு பொங்குது!"

ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருக்கிற லயமே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். சரசு மட்டும் கையை நீட்டி, "போதும் அண்ணி, மிச்சம் பொறகு பாப்போம்" என்று கடிதத்தை வாங்கி மடித்தாள். அந்த மிச்சத்தை அவள் என்னிடம் கேட்கவே இல்லை.

மறுநாள் விறகு கட்டும்போது நீங்கள் சொன்னீர்கள்: "ஒன்னைய கொற சொல்லல ஆத்தா. ஆனா அவளுக்கு வந்த காயிதம் அவ காதுக்குப் போறதுக்கு முந்தி லயம் பூராப் போயிருது. இதுக்கு என்னதான் வழி?"

எனக்கு வழி தெரியவில்லை. மாரியம்மன் முன்னால் நின்றபோதுகூட இதை என்னவென்று கேட்பது என்று புரியவில்லை. பார்வை கொடு என்று கேட்கலாம். தனியாக ஒரு கடிதம் வாசிக்கக் கொடு என்று யாராவது வேண்டிக்கொள்வார்களா?

நீங்கள் போன பிறகு, ஹட்டனில் கண் தெரியாதவர்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிற இடம் ஒன்று திறந்திருப்பதாகக் கோயிலில் கேள்விப்பட்டேன். உங்கள் மகன் நம்பவில்லை. "டிவி மாதிரி இருக்கும். அத வச்சு அவ என்ன பண்ணுவா?" என்றார். எனக்கும் அதே சந்தேகம்தான். இருந்தாலும் சனிக்கிழமை தோறும் அவள் கையைப் பிடித்து பஸ் ஏற்றினேன்.

சொல்லிக்கொடுக்கிறவர் யாழ்ப்பாணத்து மாஸ்டர். ஒருநாள் நான் உள்ளே எட்டிப் பார்த்தால் கம்ப்யூட்டர் திரை கறுப்பாகக் கிடக்கிறது. சரசுவோ விரலை ஓட்டிக்கொண்டே இருக்கிறாள். பாவம், அவளுக்கு எப்படித் தெரியும் என்று நினைத்து, "சேர், கரண்டு போயிருச்சு!" என்று கத்திவிட்டேன்.

"கரண்ட் இருக்கு அக்கா," என்றார் மாஸ்டர். "திரையை நான்தான் நிப்பாட்டினனான். சரசுவுக்கு அது என்னத்துக்கு?"

அப்புறம் காதில் மாட்டுகிற கருவியைக் கழற்றி என்னிடம் தந்தார். உள்ளே ஒரு குரல் தமிழ் பேசியது, அத்தை! வாய் நிறைய வெற்றிலை போட்டவன் பேசுவதுபோல இருந்தது, ஆனாலும் தமிழ். சரசு தொடுகிற ஒவ்வொரு எழுத்தையும் அது சொன்னது. பிழையாக அடித்ததை அழித்தால் அதையும் சொன்னது. எழுத்துப் பலகையில் இரண்டு விசைகளில் மட்டும் சின்ன மேடு இருக்கிறது. விரலை அங்கே வைத்துத்தான் மற்ற எழுத்துகளுக்கு வழி பிடிக்கிறாள். எல்லாப் பலகையிலும் அந்த மேடு உண்டாம். கொட்டகலைக் கடைவீதிக் கடைகளில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், ஒருநாளும் என் கண்ணில் பட்டதில்லை.

இதைக் கேட்டு மல்லிகா ஒரு கடிதம் அனுப்பினாள். அவள் இப்போது கொழும்பில் ஓர் அச்சுக்கூடத்தில் கல்யாணப் பத்திரிகையும் மரண அறிவித்தலும் தமிழில் தட்டச்சு செய்கிறாள். வேலை செய்கிற கம்ப்யூட்டரிலேயே நீளமாகத் தட்டி, மாஸ்டரின் கம்ப்யூட்டருக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருந்தாள். சரசு புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்தாள். கடிதம் வாசிக்கப் புதுச் சேலை!

குரல் ஆரம்பித்தது. தமிழே இல்லை. எம், கே, அரைப்புள்ளி, எச் என்று ஆங்கில எழுத்துகளாகக் கொட்டியது. சரசு திரும்பத் திரும்பக் கேட்டாள். முகம் சுருங்கிப்போனது. மாஸ்டர் திரையைப் போட்டார். பார்த்தால் முத்து முத்தாகத் தமிழ்!

"நல்லாத்தானே எழுதியிருக்கா, இந்தா நான் படிக்கிறேன்," என்று முதல் வரியில் வாயெடுத்தேன்.

சரசு என் கையை இறுக்கிப் பிடித்தாள். "வேணாம் அண்ணி. படிக்காதீங்க. எனக்கு வராட்டிப் போவுது, அது அப்பிடியே கெடக்கட்டும்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மாஸ்டர்தான் விளக்கினார். "அக்கா, நீங்கள் பாக்கிறது எழுத்தின்ரை உடுப்பை. அந்த உடுப்புக்கு உள்ளுக்கை இங்கிலிஷ் எழுத்துத்தான் கிடக்கு. அச்சடிக்கிறவைக்கு உருவம் சரியா வந்தால் அதுவே காணும். கம்ப்யூட்டருக்குக் கண் இல்லை. உள்ளுக்கை கிடக்கிறதைத்தான் அது வாசிக்கும்."

"அப்ப அதுவும் என்னய மாதிரிதானா சேர்?" என்றாள் சரசு. அந்த நிலைமையிலும் அவளுக்கு வாய் அடங்கவில்லை. மாஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தார்.

இப்போது ஒரு புது முறை வந்திருக்கிறதாம், யூனிகோட் என்று பெயர். அதில் தமிழ் எழுத்துக்கும் காலுக்கும் கொம்புக்கும் புள்ளிக்கும் தனித்தனியாக ஓர் எண். எந்த ஊரில், எந்தக் கம்ப்யூட்டரில் அடித்தாலும் 'அ'வுக்கு அதே எண். மாதர் சங்கக் கணக்கு எழுதுகிற எனக்கு எண் என்றதும் சட்டென்று பிடிபட்டது. தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிகிற செக்ரோலில் உங்கள் பெயரைக் கிளாக்கர்மார் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதினார்கள். ஆனால் உங்கள் நம்பரைக் கூப்பிட்டால் நீங்கள்தானே வந்து நின்றீர்கள்? அப்படித்தான் இதுவும். நம் 'அ'னாவும் 'ழ'னாவும் உலகத்துக்கெல்லாம் பொதுவான ஒரு பேரேட்டில் பதிவாகியிருக்கின்றன. கண்ணில்லாத ஒருத்தி காத்திருப்பாள் என்று யாரோ யோசித்து இதைச் செய்திருக்கிறார்களா? இல்லை, வேறெதற்கோ செய்தது இவளுக்கும் வந்து சேர்ந்ததா? எனக்குத் தெரியவில்லை. கேட்கக் கேட்கக் கைகூப்பத் தோன்றியது.

அங்கிருந்தே மல்லிகாவுக்குப் போன் போட்டோம். "அடிப்பாவி, பூராவையும் திருப்பி அடிக்கணுமா?" என்று அவள் கூவியது எனக்கே கேட்டது. "அடிடி. எனக்காக அடிக்க மாட்டியா?" என்றாள் சரசு. மாஸ்டர் போனை வாங்கி, எந்த முறையில் அடிக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார்.

போன சனிக்கிழமை கடிதம் வந்தது. மாஸ்டர் திரையைப் போடவே இல்லை. சரசு கருவியைக் காதில் மாட்டிக்கொண்டாள். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. அவள் உதடு அசைந்தது. ஓரிடத்தில் நிறுத்தி, பின்னால் போய், மறுபடி கேட்டாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். காதெல்லாம் சிவந்துவிட்டது. அடுத்த நிமிஷம் கண் கலங்கி, முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "என்னடி எழுதியிருக்கா?"

கருவியை ஒரு காதிலிருந்து மட்டும் விலக்கி, என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "அது எனக்கு எழுதுனது அண்ணி," என்றாள். கோபமே இல்லை. ராணி மாதிரி சொன்னாள். சொல்லிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டாள்.

நான் வெளியே வந்து, வாசலில் நின்று அழுதேன். சந்தோஷமா என்று கேட்காதீர்கள். சந்தோஷம் என்ற சொல் அதற்குப் போதாது. இத்தனை வருஷம் அவள் மனசுக்குள் நடந்ததெல்லாம் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு முதல்முதலாக எனக்குத் தெரியாத ஒரு சரசு உள்ளே உட்கார்ந்திருந்தாள். கர்ப்பக்கிருகத்துத் திரை மூடியிருக்கும்போது வெளியே நிற்போமே, அப்படி நின்றேன்.

மல்லிகா என்ன எழுதினாள் என்று மேலே உங்களுக்குத் தெரிந்திருக்கும். என்னிடம் சொல்ல வேண்டாம். அடுத்த கடிதத்துக்கும் அவளைக் கூட்டிக்கொண்டு போவேன். அவள் வாசித்து முடிக்கும்வரை வாசலில் நிற்பேன். உள்ளே இருந்து சிரிப்பு வந்தாலும் அழுகை வந்தாலும், அவளாகக் கூப்பிட்டாலொழிய எட்டிப் பார்க்க மாட்டேன். இது உங்கள் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி வைத்துச் சொல்கிற சத்தியம்.

உங்கள் மூத்த மருமகள்,
சரசுவின் அண்ணி