நோட்டு அட்டையில் வந்த முகம்

அக்கா,

இன்று காலை விடுதிக்கு அச்சில் கழித்துப் போட்ட வேஸ்ட் ஷீட் கட்டு ஒன்று வந்தது. பள்ளிக்கூடம் திறந்துவிட்டதல்லவா, பிள்ளைகளின் நோட்டுகளுக்கு அட்டை போட சிவகாசி பிரஸ்காரர் யாரோ கொடுத்தனுப்பியிருக்கிறார். சணலை அறுத்ததும் அந்த மை வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. உலை கொதிப்பதை மறந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினேன். சாமி படம், ஊறுகாய் லேபிள், சேலைக்கடை விளம்பரம். நம் பிள்ளைகள் யாருடைய முகமும் அதில் இல்லை என்று கடைசித் தாள்வரை பார்த்த பிறகுதான் எடுத்துக் கொடுத்தேன். ஆறு வருசமாக இப்படித்தான். பொன்மாரிக்கு நான் செய்த காரியத்துக்குப் பிறகு கை தானாகப் புரட்டுகிறது.

அந்த வருசம் தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது முதலாளி வந்தார். பெரிய பட்டாசுக் கம்பெனிக்காரர், கோயில் கமிட்டித் தலைவர், வாரம் ஒரு தடவை பேப்பரில் படம் வருகிறவர். வருசா வருசம் டீலர்களுக்கும் அதிகாரிகளுக்கும் அனுப்புகிற கிஃப்ட் பாக்ஸை இந்தத் தடவை நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தில் நம் பிள்ளைகளுக்குக் கழிப்பறை கட்டித் தருவதாகச் சொன்னார். கைப்பிடி வைத்து, சாய்தளம் போட்டு. நடக்க முடியாத பிள்ளைகள் மழைக்காலத்தில் சேற்றில் தவழ்ந்து கொல்லைக்குப் போவதைத் தினமும் பார்க்கிறவர்கள் நாம். அவர் கார் போன திசையைப் பார்த்தே நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

“ஏத்தா, சாமிக்கும் கொஞ்சம் மிச்சம் வை” என்று சிரித்தீர்கள்.

போட்டோ எடுக்க ஆள் வந்த அன்றைக்கு நீங்கள் விருதுநகரில் கலெக்டர் ஆபீசுக்குப் போயிருந்தீர்கள். பெட்டிக்குப் பதிலாக முதலாளி அனுப்பப்போகும் தீபாவளி கார்டில் போட, லட்சணமான பிள்ளை ஒன்று வேண்டும் என்றார்கள். நான்தான் பொன்மாரியைக் கூப்பிட்டேன். வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளை. போலியோவில் ஒரு கால் சூம்பியவள். கட்டை ஊன்றி வெளிப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். தலை பின்னி, பூ வைத்து, திருநீறு பூசிவிட்டேன்.

“எதுக்கு பெரியம்மா போட்டோ?”

“பஸ் பாஸுக்குத்தான். காலு தெரியுற மாதிரி இருக்கணுமாம்.”

நிஜத்தைச் சொன்னால் நூறு கேள்வி கேட்பாள் என்று சொன்ன பொய். அவள் சிரித்தாள். போட்டோக்காரர் முகம் சுளித்தார். “சிரிக்காதத்தா, கொஞ்சம் பாவமா வையி” என்று சொன்னதும் நான்தான். கட்டையை எடுத்து முன்னால் நிறுத்தியதும் நான்தான்.

தீபாவளி நெருங்கியது. ஒரு நாள் சாயங்காலம் பொன்மாரி பள்ளிக்கூடம் விட்டு வந்து, என் மடியில் ஒரு நோட்டைப் போட்டாள். கூடப் படிக்கிற பிள்ளையுடையது. அவள் அப்பாவுக்கு பிரஸ்ஸில் வேலை. அங்கே அந்த கார்டை அடித்துக் கழித்துப் போட்ட தாளைத்தான் நோட்டுக்கு அட்டையாகப் போட்டிருந்தாள். அதில் முன்னும் பின்னுமாக நான்கு பொன்மாரி. கலர் விலகி, ஒவ்வொரு முகத்துக்கும் இரண்டு உதடு. கீழே கொட்டை எழுத்தில்: ‘பரிசுப் பெட்டிக்குப் பதிலாக, உங்கள் சார்பில் இந்த ஊனமுற்ற குழந்தைக்கு வாழ்வளித்தோம்.’

“கிஃப்ட் பாக்ஸ் வருது, வழி விடுங்கலேன்னு சொல்லுதானுக பெரியம்மா. வாத்தியாரே சிரிச்சிட்டாரு. ஒரு தாளுக்கே இப்படின்னா, கார்டு ஊரெல்லாம் போனா? நான் இனிமே போகல. என் பொஸ்தகத்த யாருக்காச்சும் குடுத்துருங்க.”

நீங்கள் அந்தத் தாளைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தீர்கள். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. அவளிடம்தான் கேட்டீர்கள்: “ஒன்ட்ட யாராச்சும் கேட்டாகளா?”

“பஸ் பாஸுன்னாக.”

என் பக்கம் திரும்பினீர்கள். “சேலைய மாத்து. கெளம்பு.”

சிவகாசி பஸ் ஏறினோம். எனக்குத்தான் வாய் நிற்காதே. “கழிப்பறை போயிருமேக்கா. இருவது புள்ளைக்காக ஒரு புள்ள பொறுத்துக்கிட்டா என்ன?” என்றேன்.

“அந்த ஒரு புள்ளையா நீ இரேன்” என்றீர்கள். 

முதலாளி மேசையில் பொன்மாரி படம் போட்ட கார்டுகள் கட்டுக்கட்டாக இருந்தன. நம்மை உட்காரவைத்து டீ சொன்னார். நீங்கள் விசயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறியது.

“படம் வேணாமா? ஏம்மா, நானா துட்டு மிச்சம் பிடிக்கேன்? பொட்டி வராம கார்டு மட்டும் போனா டீலர் என்ன சொல்லுவான்? மொதலாளிக்குக் கை சுருங்கிருச்சும்பான். அந்தப் புள்ள மொகத்தப் பாத்தாத்தான் வாய மூடுவான்.”

“நீங்க குடுத்ததுக்கு அவ மொகம் சாட்சியா மொதலாளி?”

“நாளைக்கு லோடோட கார்டும் கெளம்புது. படம் இல்லாமத்தான் வாங்குவீகன்னா எனக்குக் குடுக்க வழியில்லம்மா. யோசிச்சுச் சொல்லுங்க.”

நான் உங்கள் முழங்கையைப் பிடித்து இழுத்தேன், போய்விடலாம் என்று. நீங்கள் எழுந்திருக்கவில்லை. முந்தானைக்குள் இருந்த வலது கையை வெளியே எடுத்து, அந்த கார்டுக் கட்டின் மேல் வைத்தீர்கள்.

பெருவிரலும் சுண்டுவிரலும் மட்டும் உள்ள அந்தக் கையைப் அதற்குள் பதினோரு வருசமாகப் பார்த்திருந்தேன். பிறவியிலேயே அப்படி என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தீர்கள். பிள்ளைகளிடமும்.

“படம் இருந்தே ஆகணும்னா இதப் போடுங்க. எனக்குச் சம்மதம். பன்னெண்டு வயசுல நாரணாபுரத்துல பட்டாசுக்கு மருந்து அடைச்சப்பப் போனதுன்னு கீழ ஒரு வரி போட்டுருங்க. அம்புட்டுத்தான்.”

 அவர் கையைப் பார்த்தார், அப்புறம் கதவைப் பார்த்தார். “எங்க கம்பெனியிலயா?” என்றார். 

“இல்ல மொதலாளி. ஆனா கார்டப் பாக்குறவனுக்கு அது தெரியாதுல்ல.”

மாரியாத்தா, மாரியாத்தா என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன். டீயில் ஆடை படிந்துவிட்டது. கடைசியில் அவர் பெல்லை அடித்தார். வந்தவரிடம், “இதெல்லாத்தையும் கட்டிங் மிஷின்ல போட்டு அறுத்துரு. படத்த எடுத்துட்டு வெளக்கு மட்டும் வச்சு அடிக்கச் சொல்லு” என்றார். நம்மைப் பார்க்காமலே, “கட்டட விசயம் பொறவு பாப்போம்” என்றார்.

பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போதும் அந்தக் கை வெளியேதான் இருந்தது. நான்தான் முந்தானையை இழுத்து மூடினேன். “பொன்மாரிட்ட இதச் சொல்லிராத. அப்பறம் என்னப் பாக்குறப்பெல்லாம் தலையக் குனிவா” என்றீர்கள். விடுதிக்கு வந்து நீங்கள் அவளிடம் சொன்னதும் அவ்வளவுதான்: “கேட்டோம். ஒத்துக்கிட்டாரு. நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போ.”

மறுநாள் போனாள். கேலி ஒரு வாரம் இருந்தது, பிறகு அவர்களுக்கே சலித்துவிட்டது.

கட்டடத்தைப் பற்றி மட்டும் ஒரு தகவலும் இல்லை. தீபாவளி வந்து போனது, அடைமழை பிடித்தது. பிள்ளைகள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு சேற்றில் தவழ்ந்தார்கள். இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன் அக்கா, அப்படி ஒவ்வொரு பிள்ளையின் முழங்காலையும் கழுவிவிடும்போதெல்லாம் உங்களை மனசுக்குள் திட்டினேன். நீங்கள் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டீர்கள்.  நீங்களும் ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை.

கார்த்திகையில் செங்கல் லாரி வந்து நின்றது. யார் அனுப்பியது என்று டிரைவருக்கே தெரியவில்லை. கைப்பிடியும் சாய்தளமுமாக, முதலாளி சொன்னபடியே கழிப்பறை எழும்பியது; திறப்பு விழாவுக்கு அவர் வரவில்லை. அடுத்த வருசம் டீலர்களுக்குப் பழையபடி பெட்டியே போனது. இந்தப் பக்கம் அவர் திரும்ப வரவே இல்லை.

போன தையில் உங்களைக் கடைசியாகக் குளிப்பாட்டினோமே, அப்போது பொன்மாரி உங்கள் வலது கையைத் தன் கையில் வைத்துக்கொண்டு, “பொறவிலேயே இப்படி தழும்பு இருக்குமா பெரியம்மா?” என்று கேட்டாள். உங்கள் பேச்சை அன்றைக்குத்தான் மீறினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தலை குனியவில்லை அக்கா. அந்தக் கைக்குத்தான் முதலில் மஞ்சள் பூசினாள்.

அவள் இப்போது பிரஸ்ஸில் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறாள். உங்கள் அஞ்சலி போஸ்டரை அவள்தான் செய்தாள். யாரோ ஒரு குரூப் போட்டோவைக் கொண்டுவந்து, அதிலிருந்து உங்கள் முகத்தை மட்டும் எடுக்கச் சொன்னார்கள். “அக்காட்ட கேக்க முடியாதுல்ல” என்று சொல்லிவிட்டு, பெயரை மட்டும் பெரிதாகப் போட்டாள். ஒரு போட்டோவுக்குக் கூடவா வக்கில்லை என்று தெருவில் பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டோம்.

நீங்கள் இல்லாத இடத்தில் இப்போது நான்தான் நிற்கிறேன். எனக்கு உங்கள் தைரியம் கிடையாது. இப்போது நடிகர்கள், பெரிய பெரிய கம்பெனிகள் எல்லாம் பரிசுக்குப் பதிலாக இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம் என்று வருகிறார்கள். நல்ல மனசுதான், குறை சொல்லவில்லை. கூடவே கேமராவும் வருகிறது. நான் பிள்ளையிடம் போய் என்ன, ஏது, எங்கே வரும் என்று எல்லாம் சொல்லிக் கேட்கிறேன்.  அவள் வாய் திறக்கிறவரை, சரின்னு சொல்லிரு தாயி என்று உள்ளே ஒரு மனசு கெஞ்சுகிறது.

போன வாரம் ஐந்தாவது படிக்கிறவள் ஒருத்தி யோசித்துப் பார்த்துவிட்டு, “போட்டோ வேணாம் பெரியம்மா” என்றாள். வந்திருந்தவர்கள் மூன்று சக்கர வண்டிகளை வேனில் ஏற்றியே கொண்டுவந்திருந்தார்கள். இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கலாமா என்று வாய்வரை வந்தது.

கேட்கவில்லை அக்கா. வாசலுக்குப் போய், அவள் சொன்னதை அப்படியே சொன்னேன்.